ஹேண்டோவரில் விடுபடுவது

வணக்கம் மேடம்,

ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரம் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் சீனியர்கள் வேண்டுமென்றே எதையாவது விட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஆபரேஷனுக்குப் போகவேண்டியவர் என்பிஓ, அதாவது வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டார், ஆபரேஷன் தள்ளிப்போனது. சொந்தக்காரர்கள் முன்னாலேயே இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் திட்டினார். நைட் டூட்டியும் எனக்கே அதிகம். புகார் கொடுக்கவா, வேலையை விடவா? ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடம் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சிஸ்டர்,

புகார் கொடுங்கள். ஆனால் ‘என்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று எழுதினால், பெண்களுக்குள் சண்டை என்று மடித்து வைத்துவிடுவார்கள். என்பிஓ விடுபட்டதை இன்சிடென்ட் ரிப்போர்ட்டாக எழுதுங்கள். தேதி, ஷிப்ட், படுக்கை எண், யார் ஹேண்டோவர் கொடுத்தது, எது விடுபட்டது, என்ன ஆனது: இவ்வளவுதான், ‘வேண்டுமென்றே’ என்ற சொல் வேண்டாம். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள், அதையே உங்கள் மேல் திருப்புவார்கள்.

முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்: டாக்டர் ஆர்டரைப் பார்த்தீர்களா? இனி ஸ்டேஷனில் நின்று ஹேண்டோவர் வாங்காமல் ஒவ்வொரு படுக்கையாகப் போய் வாங்குங்கள். ஆர்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் என்பிஓ, டிரிப் எவ்வளவு பாக்கி, அடுத்த ஊசி எத்தனை மணிக்கு, எந்த ரிப்போர்ட் வரவில்லை என்று வாய்விட்டுக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நிர்வாகத்துக்குப் புரியவேண்டியது வேறு. திட்டுக்குப் பயந்தவள் சந்தேகம் கேட்கமாட்டாள். மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினை, மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில் 20 யூனிட் என்று நினைத்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். பக்கத்து சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றிருக்கும்.

சொந்தக்காரர்கள் முன்னால் சத்தம் போட்டால், “சிஸ்டர், ஸ்டேஷனில் பேசலாம்” என்று மட்டும் சொல்லி நகருங்கள்.

நைட் டூட்டிக்கு, கடைசி 3 மாத ரோஸ்டரை எடுத்து யாருக்கு எத்தனை என்று எண்ணி, நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம் கொடுங்கள், ஒரு நகல் ஹெச்ஆருக்கு. உங்கள் பிரதியில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழு பாலியல் தொல்லைக்கு மட்டும்தான். அங்கே கொண்டுபோனால் நாள்தான் வீணாகும். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அது வேறு கணக்கு, நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் திட்டியவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போலீஸ் வரை போகலாம்.

சர்டிபிகேட் அடமானப் பொருள் இல்லை. ராஜினாமாவைப் பற்றி மூச்சு விடுவதற்கு முன்பே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கே.கே. நகரில் பேசியது அண்ணா நகரில் கேட்கிற ஊர் இது. வேலையை விடுவதானால் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.