சாடியின் அடியில் ஒரு கையொப்பம்

கேள்வி: என் கணவரின் பாட்டனார் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் வேலை பார்த்தவர். துரை குடும்பம் ஊர் திரும்பியபோது அவரிடம் கொடுத்துச் சென்ற பழுப்பு நிறச் சாடி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் குதிரைகள் கோடுகளாகக் கீறப்பட்டுள்ளன. அடியில் ‘டோல்ட்டன் லாம்பெத்’ என்ற முத்திரையும், 1883 என்ற ஆண்டும், பின்னிப் பிணைந்த சில எழுத்துகளும் தெரிகின்றன. வரைந்தவர் பெண்ணாக இருக்கலாம் என்கிறாள் என் மகள். விக்டோரியா காலத்தில் பெண்கள் இத்தகைய வேலைக்குப் போனார்களா?
– வாசகி, தோ பாயோ

பதில்: போனார்கள். உங்கள் மகளின் ஊகம் சரியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். லண்டனின் லாம்பெத் பகுதியில் இருந்த டோல்ட்டன் தொழிற்சாலை கழிவுநீர்க் குழாய்களால் செழித்தது. கலைப்பாண்டங்கள் பின்னால் வந்தவை. அருகிலிருந்த லாம்பெத் கலைப்பள்ளியின் தலைவர் ஜான் ஸ்பார்க்ஸ் வற்புறுத்தியதால், உரிமையாளர் ஹென்றி டோல்ட்டன் அப்பள்ளி மாணவர்களுக்கு இடம் கொடுத்தார். அவ்வாறு 1871-இல் சேர்ந்த ஹானா பார்லோதான் அங்கே பணியாற்றிய முதல் பெண் கலைஞர். குதிரை, மான், ஆடு போன்ற விலங்குகளே அவருடைய துறை. தங்கை ஃபுளோரன்ஸ் பறவைகளை எடுத்துக்கொண்டார்.

ஹானாவின் முறை எளிதன்று. சூளைக்குப் போகாத ஈர மண்ணில் கூரிய முனையால் நேரடியாகக் கீறி, அக்கோடுகளில் வண்ணத்தைத் தேய்த்து நிரப்ப வேண்டும். தாளில் செய்வதுபோலத் தவறிய கோட்டை அழித்து வரைய இயலாது. பின்னர்ச் சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பின் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்கா என்ற மணற்சத்துடன் சேர்ந்து கண்ணாடிப் படலமாகப் படியும். நம் சிங்கப்பூரின் ஜூரோங்கில் 1940-இல் கட்டப்பட்ட, விறகால் எரியும் நீண்ட தவ் குவாங் டிராகன் சூளையைப் பார்த்திருந்தால் இது விளங்கும்: அங்கே விறகின் சாம்பல் பாண்டத்தின்மேல் உருகி மெருகாகிறது, லாம்பெத்தில் அந்த வேலையை உப்பு செய்தது.

லாம்பெத்தில் இந்த வேலை வந்த பிறகுதான் பெண்கள் மண்பாண்டத் துறைக்குள் நுழைந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் மண்பாண்ட வட்டாரமான ஸ்டாஃபோர்ட்ஷயரின் பட்டறைகளில் அதற்கு முன்பே பெண்கள் தட்டுகளிலும் கோப்பைகளிலும் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஆண்களைவிடக் குறைந்த கூலி, பெரும்பாலும் பெயரில்லா உழைப்பு. நுண்ணிய வேலைக்குக் கையைத் தாங்கும் கட்டையைக்கூடப் பெண்கள் பயன்படுத்தக்கூடாது என்று ஆண் தொழிலாளர்கள் எதிர்த்த கதையும் உண்டு. திறமைக்கு அஞ்சியதன்றி அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இதனால்தான் உங்கள் சாடியில் குதிரைகளைவிட அடியிலுள்ள அந்தக் கிறுக்கலையே நான் பெரிதாக மதிக்கிறேன். லாம்பெத்தில் தம் முதலெழுத்துகளைப் பதிக்கக் கலைஞர்களுக்கு உரிமை இருந்தது. 1882-இல் அங்கிருந்த பெண் கலைஞர்களும் உதவியாளர்களும் கையொப்பமிட்ட நன்றி ஏடுகளை டோல்ட்டனிடம் அளித்தபோது, அவர்கள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியிருந்தது.

இனி, சாடியைக் கவிழ்த்து உருப்பெருக்கியால் பாருங்கள். பின்னிய எழுத்துகள் பி, எச், பி என்று பிரிந்தால், அது ஹானா போல்ட்டன் பார்லோவின் அடையாளம். கூடவே சிறிய எழுத்துகள் தனியே இருந்தால், விளிம்பிலுள்ள புள்ளிகளையும் கொடிகளையும் செய்த உதவியாளருடையவை அவை; அவரும் பெண்ணாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் அடிப்பகுதியை முரட்டு நாரால் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.