மழை எச்சரிக்கை வந்தாலே தூக்கம் போகிறது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கீழத்தஞ்சைப் பக்கம் வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். பருவநிலை மாற்றம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னபோது உரம், விதை, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு என்றுதான் வரும் என நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் மனசைப் பற்றியது. நான் மனநல மருத்துவன் இல்லை. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கே: சார், வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். 2015-ல் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இப்போதும் மழை எச்சரிக்கை வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலைப் பார்க்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். எனக்கு ஏதாவது கோளாறா?

சூடு கண்ட பூனை தம்பி நீங்கள். அந்த டிசம்பர் 1-ம் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அதில் நின்ற உடம்பு லேசில் மறக்காது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெய்யும்போது மொத்தமாக இறக்கி வைத்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததே, அந்த ஊர்க்காரர்கள் அதுவரை மழைக்கு ஏங்கித்தான் பழக்கம்.

வாசலைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். முடிச்சூரில் என் தங்கை, 2015-ல் தண்ணீர் நின்ற மட்டத்தில் சமையலறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு முறை வெள்ளையடித்தும் கோட்டை அழிக்க விடவில்லை. புரட்டாசி பிறந்தால் கோட்டுக்குக் கீழே இருக்கிற பத்திரம், மாத்திரை டப்பா, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் பரணுக்கு ஏறும். எதிர்வீட்டு மாடிக்காரரிடம் ஒரு சாவி இருக்கும். அப்புறம் தூங்குகிறாள், பெரும்பாலும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கே: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா இரண்டு வருஷமாக வயலைப் பற்றிப் பேசுவதே இல்லை. "என் ராசி அப்படி" என்கிறார். இது பருவநிலை மாற்றம் என்று எடுத்துச் சொல்லலாமா ஐயா?

சொல்லலாம், ஆனால் பாடம் எடுக்காதீர்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று வளர்ந்தவர் அவர். எந்த மாசம் எந்தக் காற்று வீசும் என்பது அவர் சம்பாதித்த சொத்து. அது கையைவிட்டுப் போகிறது. 2021 பொங்கல் சமயத்தில் மழை, 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மழை, இரண்டுமே கதிர் முற்றி அறுக்கிற நேரம். அந்த 2023-ல் ஒரு பெரியவரோடு கொள்முதல் நிலையத்தில் நின்றேன். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. மெஷின் 21 காட்டியது. அவர் நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார், துப்பினார், ஒன்றும் பேசாமல் தார்ப்பாயை மடித்தார். அந்த மௌனத்தைத்தான் உங்கள் வீட்டிலும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ராசி என்று சொல்கிறவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறார். "உங்க கணக்கு தப்பில்லப்பா, வானம் மாறிப்போச்சு" என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். எல்லாப் பழியையும் வானத்தின் மேலும் போட வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் 2024-ல் ஜூலை 28-க்குத் திறந்ததில் காவிரித் தகராறும் கலந்திருக்கிறது.

பிறகு அவரிடம் யோசனை கேளுங்கள். தாழ்வான வயல் என்றால் சி.ஆர். 1009 சப்-1 நெல் போடலாமா? இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தப்பிக்கும், ஆனால் நீண்ட வயது ரகம், தாமதமாக விதைத்தால் சரிப்படாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து வரும் மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகும். ஓட்டை போட்ட குழாயை வயலில் நட்டு, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கியதும் பாய்ச்சினால் போதும். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் நடுவோடு பெரும்பாலும் கெடு முடிந்துவிடும், வி.ஏ.ஓ. தரும் சாகுபடிச் சான்றான அடங்கலை முன்னாடியே வாங்கி வையுங்கள். தன்னிடம் கேட்கிறார்கள் என்றால் அப்பா வாய் திறப்பார்.

கே: நான் கடைக்கு மஞ்சப்பைதான் எடுத்துப் போகிறேன். அப்படியும் வெயில் குறையவில்லையே!

குறையாது அம்மா. பிளாஸ்டிக் குப்பை வேறு, புவி சூடாவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதில் பள்ளிக்கூடப் போஸ்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பையை விடாதீர்கள், சாக்கடை அடைக்காது. சூட்டுக்கு முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பது.

கே: பாப்பாவுக்கு வேர்க்குரு தாங்கவில்லை, ஏசி வாங்கினோம். போடும்போதெல்லாம் குற்ற உணர்வு.

போடுங்கள். 26-ல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். சராசரி இந்தியர் வருஷத்துக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன், அமெரிக்கர் சுமார் 14 டன். உங்கள் பங்கு எதுவோ அந்த அளவுக்கு வருத்தப்பட்டால் போதும். சொந்த மொட்டைமாடி இருந்தால் சூரியத் தகடு போட மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் வரை இருக்கிறது. வாடகை வீடு என்றால் அது ஆகாத காரியம், தெரியும்.

கே: எங்கள் காலத்திலும் கத்திரி வெயில் இருந்தது. எல்லாம் சும்மா பீதி.

இருந்தது அண்ணே, நானும் அதில்தான் கோலி விளையாடினேன். ஒரு நாள் வெயிலை வைத்துப் பேசினால் நீங்களும் ஜெயிக்கலாம், நானும் ஜெயிக்கலாம். உலகச் சராசரியை எடுத்தால் 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல். ஒன்று மட்டும் கேட்கிறேன், நீங்கள் இப்போதும் திண்ணையில்தான் படுக்கிறீர்களா?

கே: ஆபீஸில் இதைப் பேச்செடுத்தால் "வந்துட்டாருடா விஞ்ஞானி" என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் கவலையா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. 2024-ல் 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் எடுத்த ஒரு ஆய்வு வெளிவந்தது. வருமானத்தில் ஒரு சதவீதத்தை இதற்காக மாதாமாதம் கொடுப்பீர்களா என்றதற்கு 69 சதவீதம் பேர் சரி என்றார்கள். மற்றவர்களில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி 43 தான். அவரவர் தான் மட்டும் கவலைப்படுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். கேலி செய்கிறவர் வீட்டிலும் எங்காவது ஒரு பென்சில் கோடு இருக்கும். உலகம், ஐநா என்று தொடங்காமல் "போன மழைக்கு உங்க தெருவில எவ்வளவு நின்னுச்சு?" என்று கேளுங்கள், அரைமணி நேரம் விடமாட்டார்.

கே: புதுசாகக் கல்யாணமானவர்கள். இந்த உலகத்தில் பிள்ளை பெறலாமா?

அதை நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள், என்னைக் கேட்காதீர்கள். மாமியாரையும் கேட்காதீர்கள்.

கே: எல்லோருக்கும் தைரியம் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பயமில்லையா சார்?

இருக்கிறது. 2018 கஜா புயலில் எங்கள் கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்தது, அப்பா வைத்த மரம். பத்து நாள் நான் கொல்லைப்பக்கமே போகவில்லை. அப்புறம் அதே குழிக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டுக்கன்று வைத்தேன். இந்த வருஷம் தையில் நன்றாகப் பூத்தது. காலம் தப்பி வந்த மழையில் பாதிப் பூ கொட்டிவிட்டது. ஏழு காய் நின்றது. பேத்தி தினமும் காலையில் போய் எண்ணிவிட்டு வந்து சொல்வாள். நேற்று ஆறு என்றாள். அதற்கு அணில்தான் காரணம் என்று நம்புகிறேன்.