வெளிநாட்டுல வளந்துட்டு சொந்த ஊருக்கு வந்தா ஏன் ஒட்டவே மாட்டேங்குது?

நீங்க அனேகமா துபாய், சிங்கப்பூர்ல வளந்து லீவுக்கு வர்ற ஆளா இருப்பீங்க, அதான் இப்படிக் கேக்கறீங்க. லீவுக்கு வர்றவங்களுக்குப் பரவாயில்ல, திரும்பிப் போயிடலாம். நான் பினாங்குல பொறந்து பதிமூணு வயசுல காரைக்குடிக்கு வந்தவன். எங்க அய்யா, அதாவது தாத்தா, அங்க செட்டியார்களோட வட்டிக்கடையில, கிட்டங்கிம்பாக, கணக்கு எழுதப் போனவுக. அப்பச்சி, எங்க அப்பா, நகரத்தார் செட்டியார்; அம்மா ஈப்போ பக்கம் தோட்டத்துல ரப்பர் மரம் சீவுன வீட்டுப் பொண்ணு. பினாங்குல தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளித்தேர் வரும், அந்த நாளுக்கே செட்டிப் பூசம்னுதான் பேரு, ஸ்கூல்ல என்னையும் செட்டின்னுதான் கூப்டுவாங்க, சரி ஊருக்குப் போனா நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு வந்தா மொத நாளே "மலேயாக்காரவுக வந்துருக்காக".

சாப்பிட்டேன்ங்கறதுக்கு "பசியாறிட்டேன்"னு சொன்னா கிளாஸே சிரிக்கும். அப்பத்தா மட்டும் சிரிக்கல, "எங்க அய்யாவும் அப்படித்தாண்டா சொல்லுவாக"ன்னாக.

இங்க நகரத்தார்ல மொதக் கேள்வியே "எந்தக் கோயில்?"தான், ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலச் சேந்தது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு மொத்தம் ஒம்போது. கல்யாணம் ஆனாத்தான் ஒரு புள்ளி, அதாவது சமூகக் கணக்குல ஒரு குடும்பம். எனக்குக் கல்யாணமான வருஷம் முன்னோரக் கும்புடற ஒரு படைப்பு வீட்டுல பெரியவர் ஒருத்தர் நோட்டுல புள்ளி எழுதிட்டிருந்தாரு. என் பேர்ல பாதி எழுதிட்டு, "ஆத்தா எந்தக் கோயில் தம்பி?" "கோயில் இல்லைங்க, மலேசியா." பேனா நின்னுச்சு. மூடியத் தேடி எடுத்து மாட்டுனாரு. "காப்பி சாப்டுங்க தம்பி"ன்னாரு, ரொம்ப மரியாதையா. அந்தப் பாதிப் பேரு இன்னும் அந்த நோட்டுல அப்படியேதான் இருக்கும்.

உடனே யாரும் சண்டைக்கு வராதீங்க. ஒரே கோயில்னா பங்காளி, யாருக்கு யாரக் கட்டலாம்னு அத வச்சுத்தான் பாப்பாகன்னு எனக்கும் தெரியும். சமூகத்தக் குறை சொல்லல, என் கதையச் சொல்றேன்.

சர்க்காராவது சேத்துக்குதான்னா, இந்தியா மலேசியா ரெண்டுலயும் ரெட்டைக் குடியுரிமை கிடையாது. என்கிட்ட இருக்கறது ஓசிஐ கார்டு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்குக் குடுக்கறது. ஓட்டு இல்ல, வயக்காடு வாங்க முடியாது. "ஓசியில வந்தவன்னு கார்டே குடுத்துட்டானா"ன்னு சித்தப்பா இன்னிக்கும் கேக்கறாரு.

ஆனா பாருங்க, புள்ளியில இல்லாத எனக்கு கரண்டு பில்லுல மட்டும் கரெக்டா பங்கு வந்துரும். வளவுல, அதான் பங்காளிக எல்லாருக்கும் பொதுவான பெரிய வீட்டுல, எங்களுக்கு ஒரே ஒரு அறை, அதுவும் ஒழுகுது. சினிமா ஷூட்டிங்குக்கு வீட்ட விட்டா அந்த வாடகைக்குக் கணக்கே கிடையாது. போன வருஷம் ரெண்டாங்கட்டுல இருந்த பர்மாத் தேக்குக் கதவு ஒண்ணக் காணோம், பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும், வேற எங்க போகும். பங்காளிக வாட்ஸப் குரூப்ல கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல, மறுநாள் காலைல கரண்டு பில்ல போட்டோ எடுத்துப் போட்டிருந்தாக.