பாங்காக்கில் வாங்கிய நீலக்கல்: பணம் திரும்ப வருமா?

கேள்வி: ஓசூரில் தனியார் ஆலையில் வேலை செய்கிறேன். போன மாதம் பாங்காக் போனபோது, அரண்மனை அருகே ஒருவர் "இன்று மூடியிருக்கிறது" என்று சொல்லி டுக்டுக்கில் ஏற்றிவிட்டார். அது ஒரு நகைக்கடையில் போய் நின்றது. "அரசாங்கக் கடை, தள்ளுபடி இன்றே கடைசி, இந்தியாவில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம்" என்றார்கள். கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய்க்கு நீலக்கல் வாங்கினேன். கிருஷ்ணகிரியில் காட்டினால் செயற்கைக் கல் என்கிறார்கள். இங்கே போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் அதனால் பணம் வராது. ஏமாற்றியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், ஏமாந்த இடமும் வெளிநாடு. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318-வது பிரிவு அந்தக் கடைக்காரர் மேல் இங்கிருந்து பாயாது. உங்களை அனுப்பிய உள்ளூர் டூர் ஏஜென்ட்டுக்கு இதில் பங்கு உண்டென்றால் கதை வேறு. அப்போது இங்கேயே வழக்குப் போடலாம்.

உங்கள் வழி வங்கிதான். கார்டில் போன பணத்தைத் திருப்பிக் கேட்கும் தகராறு மனுவை இன்றே கொடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு என்றாலும் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். மனுவில் "யாரோ என் கார்டைப் பயன்படுத்திவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதி, நமக்குத் தெரியாமல் போன பணத்துக்கானது. நீங்களே கார்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பொய் எழுதினால் நியாயமான கோரிக்கையும் கெட்டுவிடும். "இயற்கைக் கல் என்று விற்றார்கள், வந்தது செயற்கை" என்று உள்ளதை எழுதுங்கள்.

அதற்கு பில்லை எடுத்துப் பாருங்கள். "நேச்சுரல் சபையர்" (இயற்கை நீலக்கல்) என்று இருக்கிறதா, வெறும் "ப்ளூ ஸ்டோன்" என்று இருக்கிறதா? முதலாவது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நகைக்கடைக்காரர் வாய்ச்சொல் போதாது, ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் எழுத்துச் சான்றிதழ் வேண்டும். ஒருவேளை கல் இயற்கையானது, விலைதான் அதிகம் என்று வந்தால் வழக்கு பலவீனம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம், கல்லைத் திருப்பி அனுப்பத் தயார் என்று கடைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, நகலை மனுவோடு இணையுங்கள். தாய்லாந்து சுற்றுலாப் போலீஸுக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அங்கே இனி போகிற நண்பர்களிடம் அவர்களின் எண் 1155 என்று சொல்லி வையுங்கள். அந்நாட்டு அரசு இப்படிக் கல் விற்கும் கடை நடத்துவதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

போட்ட காசையாவது எடுப்போம் என்று இந்தக் கல்லை அசல் என்று வேறொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். தெரிந்தே விற்றால் அதே 318-வது பிரிவில் நீங்கள் குற்றவாளி, ஏழாண்டு வரை சிறை. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையவழியில் இலவசமாக மனு செய்யலாம்.