அழும் குழந்தையும் அம்மாவின் சுபாவமும்

கேள்வி: பையனுக்கு ஏழு வாரம். சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழுகிறான். எனக்குக் கைகால் உதறுகிறது. ‘நீ பதறுறதாலதான் அவன் அழறான்’ என்கிறார் மாமியார். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். அது குழந்தையைப் பாதிக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. இந்த வயதில் அழுகை 6-வது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தணிந்துவிடும். சாயங்காலம்தான் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். நிதானமான அம்மாக்களின் குழந்தைகளும் இப்படித்தான் அழும்.

சுபாவம் தெரிவது, அழுகைக்குப் பிறகு நீங்கள் செய்வதில். பயந்த சுபாவக்காரர்கள் உடனே ஓடிவந்து தூக்குவார்கள், நல்ல விஷயம். ஆனால் அரை நிமிடம் தோளில், அடுத்து மடியில், பிறகு கிலுகிலுப்பை, மறுபடி பால் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்று பிடிபடுவதற்குள் அடுத்தது வந்தால் குழந்தை எப்படி அடங்கும்? வயிறு நிறைந்திருக்கும்போது திரும்பப் பால் கொடுத்தால் கக்கிவிட்டு இன்னும் அழும்.

முதலில் பசியா, ஈரத்துணியா, உடம்பு சுடுகிறதா என்று பாருங்கள். கைகால் விரல்களையும் விரித்துப் பாருங்கள். உங்கள் தலைமுடியோ சாக்ஸ் நூலோ இறுக்கிச் சுற்றியிருந்தால் விரல் சிவந்து வீங்கியிருக்கும். எதுவும் இல்லையென்றால் கழுத்தைத் தாங்கி நெஞ்சோடு அணைத்து, நிற்காமல் ஒரே சீராக 5 நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே கீழே படுக்கவைத்துவிடாதீர்கள், விழித்துக்கொள்ளும். உட்கார்ந்து 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு படுக்கவையுங்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடம் 2022-ல் சொன்ன முறை இது.

மாமியார் சொன்னதில் சரியான பாதி: உங்கள் இறுக்கமான பிடியும் படபடத்த குரலும் குழந்தைக்கு எட்டும். உங்கள் படபடப்பை அடக்க முடியாமல் போனால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு 5 நிமிடம் வெளியே நில்லுங்கள், அல்லது மாமியாரிடமே கொடுங்கள். குலுக்க மட்டும் கூடாது. கழுத்து நிற்காத வயதில் மூளையில் ரத்தம் கசியும். வசம்பு, கிரைப் வாட்டர் வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டர்.

கேள்வி: நான் நேர்மாறு. மூன்று மாதக் குழந்தை அழுதாலும் பரபரப்பே வராது. ‘தூக்கித் தூக்கிப் பழக்காதே’ என்று அம்மாவும் சொல்வதால் அழவிடுகிறேன். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தூக்குங்கள். இந்த வயதில் தூக்கினால் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முனகல், கையைச் சப்புவது, முகம் திருப்புவது எல்லாம் அழுகைக்கு முந்தைய அறிகுறிகள். நிதானக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். அப்போதே கவனித்தால் வீறிடும்வரை போகாது. இன்னொன்று: நீங்கள் எப்போதுமே இப்படியா, பிரசவத்துக்குப் பிறகா? பிறகுதான் என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, குழந்தைமேல் ஒட்டுதல் வராமல் இருந்தால், அது சுபாவமாக இல்லாமல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது அந்த டாக்டரிடமே சொல்லிவிடுங்கள்; மனசு ரொம்பக் கனத்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.