மொபைல் கேம் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

முதுகலை கணினி அறிவியல் முடிக்கப்போகும் நீங்கள், பலர் சேர்ந்து ஆடும் மொபைல் கேம்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புவதாகவும், "விளையாட்டுல என்ன ஆராய்ச்சி?" என்று வீட்டில் மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உருப்படியான ஆய்வுகள் உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. நான் ஆய்வாளன் இல்லை. நான்கு பேர் மட்டுமே உள்ள ஒரு குழுவில் கேம்களுக்கு சர்வர் பக்க நிரல் எழுதுகிறவன். ஆனால் நாங்கள் செய்த கேம் ஒன்று பிழைத்தது ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு ஆய்வினால்தான்.

அது இருவர் ஆடும் சொல் விளையாட்டு. ஒரே எழுத்துக் கட்டம் இருவருக்கும் வரும், யார் அதிகச் சொற்களைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நெட்வொர்க் 20 விநாடி அறுந்தால் ஆட்டத்தை விட்டுப் போனதாகக் கணக்கு வைத்து, எதிராளி வென்றதாக அறிவித்துவிடுவோம். அலுவலக வைஃபையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. என் அக்கா கோபியிலிருந்து ஈரோட்டுக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, டவர் இல்லாத இடத்துல பஸ் போனா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா?"

பதில் சொல்ல முடியவில்லை. இணைப்பு அறுவதை எப்படி மறைப்பது என்றே இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அப்போதுதான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ சால்மர்ஸ் குழுவினர் எழுதிய கட்டுரைகள் கண்ணில் பட்டன. நெட்வொர்க் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்ற எல்லைகளைத் துணியின் தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தையல் தெரியாமல் தைக்கத்தான் பார்க்கிறார்கள். சால்மர்ஸ் அதைத் தெரியும்படி வைக்கச் சொன்னார். தெரிந்தால் மனிதர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். இதன் வேர் கணினி அறிஞர் மார்க் வைசரின் சிந்தனையில் இருக்கிறது.

சொன்னதோடு நிற்காமல் 'ட்ரெஷர்' என்று ஒரு கேமையும் செய்தார்கள். கையடக்கக் கணினியோடு வெளியே நடந்து, வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் நாணயங்களைப் பொறுக்க வேண்டும். பொறுக்கினால் மட்டும் புள்ளி கிடைக்காது. வைஃபை இருக்கும் இடத்துக்கு வந்து சர்வருக்கு அனுப்பினால்தான் கணக்கில் ஏறும். ஆனால் வைஃபை எல்லைக்குள் வந்தால், அருகில் இருப்பவர் உங்கள் நாணயங்களைத் திருடிக்கொள்ளலாம்! ஆக, சிக்னல் இல்லாத இடம் பாதுகாப்பான இடமாகிவிட்டது. சிக்னல் எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தேய்கிறது என்பதையே ஆடுகிறவர்கள் உத்தியாக மாற்றிக்கொண்டார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் குறை என்று மூடி மறைக்கப் பார்த்த ஒன்றை வைத்து இவர்கள் விளையாட்டின் விதியையே எழுதியிருந்தார்கள்.

மறுநாளே விதியை மாற்றினோம். இணைப்பு அறுந்தாலும் ஆட்டம் நிற்காது. அந்த நேரத்தில் கண்டுபிடிக்கும் சொற்கள் 'மடி' என்ற பையில் சேரும், சிக்னல் வந்ததும் மொத்தமாகப் போய்ச் சேரும். இதற்குள் எதிராளி அதே சொல்லை அனுப்பிவிட்டிருந்தால் உங்கள் சொல் செல்லாது. போனின் கடிகாரத்தை நம்பக் கூடாது என்பதால் நேரக் கணக்கை சர்வரிலேயே வைக்க வேண்டியிருந்தது. அதற்கே மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு அக்கா, டவர் இல்லாத பகுதி வரும் முன்பே கட்டத்தை ஒருமுறை நோட்டம் விட்டு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். இதை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இதே திசையில் இன்னொன்றும் படியுங்கள். பிளாஸ்ட் தியரி என்ற கலைக்குழுவும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2001இல் ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். வீட்டில் இணையத்தில் இருப்பவர்கள் நகரத்தின் மெய்நிகர் வரைபடத்தில் ஓடுவார்கள். நிஜத் தெருவில் சிலர் ஜிபிஎஸ் கருவியோடு ஓடி அவர்களைத் துரத்துவார்கள். ஓட்டக்காரர்கள் வாக்கிடாக்கியில் மூச்சிரைக்கப் பேசுவது வீட்டில் இருப்பவர் காதில் விழும். நுழையும்போதே ஒவ்வொருவரிடமும், வெகுநாளாகப் பார்க்காத, ஆனால் இன்னும் நினைவில் இருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்பார்கள். பிடிபடும்போது துரத்தியவர் அந்தப் பெயரை உரக்கச் சொல்வார். வெறும் புள்ளிகள் நகரும் திரையில் இப்படி நெஞ்சைத் தொட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜிபிஎஸ் எந்தத் தெருவில் தடுமாறும் என்று ஓட்டக்காரர்கள் நாள்போக்கில் கற்றுக்கொண்டு அதை வைத்தே வியூகம் வகுத்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாமதத்தைப் பற்றிய ஆய்வுகள் தனி. நாம் 'லேக்' என்று திட்டுவதை மார்க் கிளேபூலும் கஜல் கிளேபூலும் 2006இல் அளந்து எழுதினார்கள். ஆடுகிறவரின் கண் வழியே பார்க்கும் துப்பாக்கிச் சண்டைக்கு 100 மில்லிவிநாடி, பாத்திரத்தின் பின்னால் நின்று பார்க்கும் விளையாட்டுக்கு 500, மேலிருந்து படை நடத்தும் விளையாட்டுக்கு 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் தந்த தோராயக் கணக்கு. செயலுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான் அடிப்படை.

ஆடுகிறவர்களின் மனதைப் பற்றி ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய நால்வகைப் பிரிவை (சாதிக்க ஆடுபவர், சுற்றிப் பார்ப்பவர், பழக வருபவர், அடுத்தவரைத் தாக்குபவர்) எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தினர் 2006இல் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டைப் பற்றி எழுதிய கட்டுரை என் கண்ணைத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் உலகத்தில் பலரும் பெரும்பாலும் தனியாகவே ஆடுகிறார்கள். மற்றவர்கள் சுற்றிலும் பார்வையாளர்களாக இருந்தாலே அவர்களுக்குப் போதும். கூட்டாளி கட்டாயம் வேண்டும் என்ற விதியை எங்கள் அடுத்த கேமிலிருந்து எடுத்துவிட்டோம்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. குறித்த நேரத்துக்கு வராவிட்டால் பயிர் வாடிவிடும் என்று மிரட்டுவது, காத்திருப்பை வேண்டுமென்றே நீட்டி, தாண்டிப்போகக் காசு கேட்பது போன்ற உத்திகளை சகால், பியோர்க், லூயிஸ் மூவரும் 2013இல் இருண்ட வடிவமைப்பு என்று பெயர் வைத்துத் தொகுத்தார்கள். நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கேம்களை அந்தக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கும் உங்கள் வீட்டாருக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

தொடங்குவதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பிராணிகளுக்குப் பழம் ஊட்டும் 'ஃபீடிங் யோஷி' என்ற கேமை வைத்து நடந்த ஆய்வில் 16 பேர், மூன்று நகரங்கள், ஒரு வாரம், அவ்வளவுதான். வழியில் போன் பிடிக்கும் வைஃபைகளில், கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை அந்த கேமில் பசித்த பிராணிகள், பூட்டாதவை பழத்தோட்டங்கள். அன்றாட வேலைக்கு நடுவே ஆடவிட்டு, பிறகு அவர்களிடம் பேட்டி எடுத்தார்கள். நீங்கள் உங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் போகும் 16 பேரைப் பிடியுங்கள். எந்த நிறுத்தத்தில் போனை எடுக்கிறார்கள், எதனால் வைக்கிறார்கள், சிக்னல் போனால் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். எங்கள் கேமின் பதிவுகள் வேண்டுமானால், ஆடியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.