பீலிச் சண்டையும் ஒரு 'சி' எழுத்தும்

கேள்வி: டீச்சர், வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தில் 'நான் அமிக்கபிள் (amicable) ஆன பெண்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அண்ணன் அதை வெட்டிவிட்டு 'ஏமியபிள்' (amiable) என்று எழுதிவிட்டார். என் சின்ன அகராதியில் இரண்டுக்கும் 'நட்பான' என்றுதான் போட்டிருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: அண்ணன்தான் சரி. வெட்டின கையோடு காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.

ஏமியபிள் என்பது ஆளின் குணம். யார் வாசலுக்கு வந்தாலும் முகம் மலர்ந்து, "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்கிற சுபாவம். அமிக்கபிள் என்பது ஆட்களுக்கு நடுவே நடக்கிற காரியத்தைச் சொல்வது. பேச்சுவார்த்தை, உடன்படிக்கை, பாகப்பிரிவினை, ஏன், விவாகரத்துகூட அமிக்கபிளாக முடியலாம். அடிதடி, கோர்ட் இல்லாமல் இணக்கமாக முடிந்தது என்று அர்த்தம்.

என் பெரியம்மாவை ஏமியபிள் என்று சொன்னால் மஸ்கெலியாவே சிரிக்கும். தோட்டத்து லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் விடியக்காலை முதல் குடம் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த காம்பிராக்காரியும் (பக்கத்து வீட்டுக்காரி) லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் குடம் உருண்டு, வாய்ச்சண்டை கைகலப்பாகி, விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த சபை அது. பெரியம்மாவுக்கு அது கடைசிவரை 'இணக்கசபை'தான். 1958இல் வந்த பழைய சபையின் பெயர் அவர் வாயைவிட்டுப் போகவே இல்லை. பள்ளிக்கூட வகுப்பறையில், பிள்ளைகளின் குட்டி வாங்கில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் இவர் முதல், மறு வாரம் அவர் முதல் என்று முடிவாகிக் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது ஒருவர் றோட்டில் வந்தார், மற்றவர் குறுக்குப்பாதையில் இறங்கினார். அப்புறம் பீலியில் சண்டையே இல்லை. பேச்சும் இல்லை. தீர்வு அமிக்கபிள், ஆட்கள் இரண்டு பேரும் ஏமியபிள் இல்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. அதே தோட்டத்துக் கந்தோரில் ஒரு கிளாக்கர் ஐயா இருந்தார். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்திருக்கிறது என்று போய் நின்றால், வீட்டில் சுகமா, பிள்ளை படிக்கிறதா என்று அன்பாக விசாரித்து, "அதுக்கென்ன, பார்ப்போமே" என்பார். மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கமான சுபாவம்தான், பிணக்கு ஒன்றும் தீர்ந்தபாடில்லை.

கணக்கு டீச்சர்மாரிடம் கேட்டால் 220, 284 என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். 220ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, 220ஐ விட்டுவிட்டுக் கூட்டினால் 284 வரும். 284க்கு அப்படிக் கூட்டினால் 220. இந்தச் சோடிக்கு ஆங்கிலத்தில் அமிக்கபிள் எண்கள் என்று பெயர். 220 தனியாக நின்று அமிக்கபிள் ஆக முடியாது, பார்த்தீர்களா?

உங்கள் குழப்பத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நண்பன் என்று பொருள்படும் 'அமிக்குஸ்' என்ற லத்தீன் சொல்தான் மூலம். ஏமியபிள் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் நடுவிலிருந்த 'சி' தேய்ந்துபோனது. அமிக்கபிள் நேரே லத்தீனிலிருந்து வந்ததால் அதை விடாமல் வைத்திருக்கிறது. எழுத்தில் அந்த ஒரு 'சி'தான் வித்தியாசம். நான் வகுப்பில் அதைக் 'கொந்தரப்புச் சி' என்பேன். கொந்தரப்பு என்றால் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் அது contract, முதல் எழுத்து சி. கொந்தரப்பு பேச இரண்டு தரப்பு வேண்டுமே.

முன்பு ஆட்களையும் அமிக்கபிள் என்று எழுதியதுண்டு. இன்று விண்ணப்பத்தில் அது உறுத்தும். அந்தச் சொல்மேல் அவ்வளவு ஆசை என்றால், முன்பு வேலை செய்த இடத்தில் எல்லோருடனும் உங்கள் உறவு அமிக்கபிளாக இருந்தது என்று எழுதுங்கள். அண்ணனால் வெட்ட முடியாது.